கிராம சபையில் உங்கள் கோரிக்கையைத் தீர்மானமாக்குவது எப்படி?

சில வருடங்களுக்கு முன் ஒரு மே 1 கிராம சபையில் மைக் என் கைக்கு வந்தது. எங்கள் தெருவுக்கு வாரம் ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது என்று ஆரம்பித்தேன். டேங்க் கழுவாதது, மோட்டார் அடிக்கடி ரிப்பேர் ஆவது, மெயின் பைப்பிலேயே சிலர் மோட்டார் வைத்து உறிஞ்சுவது என்று பத்து நிமிடம் பேசினேன். நல்ல கைதட்டல். தலைவர் “கண்டிப்பா பண்ணிடலாம்” என்றார். “நல்லாப் பேசின தம்பி” என்று எதிர்வீட்டுப் பாட்டி தோளில் தட்டினார். அவ்வளவுதான். மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஆகஸ்ட் 15 கூட்டத்தில் போய்க் கேட்டால், போன கூட்டத்தில் அப்படி ஒரு தீர்மானமே இல்லையே என்றார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, அந்தக் கூட்டத்தின் தீர்மானப் புத்தக நகலை வாங்கிப் பார்த்தேன். என் பத்து நிமிடமும் அதில் ஒரே வரியாக இருந்தது: “குடிநீர் குறித்து விவாதிக்கப்பட்டது.”

பொய் என்று சொல்ல முடியாது, விவாதிக்கத்தானே செய்தோம். ஆனால் அந்த வரியை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியிடமும் போய் நிற்க முடியாது. யார், எதை, எங்கே, எப்போதைக்குள் செய்ய வேண்டும் என்று அதில் எதுவும் இல்லை. கிராம சபைக்குப் போவதே அந்தத் தீர்மானப் புத்தகத்துக்காகத்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கீழே சொல்வதெல்லாம், உங்கள் ஊர்ப் பிரச்சினை அந்தப் புத்தகத்தில் உருப்படியாக ஏறுவதற்கும், ஏறிய பிறகு தூங்கிவிடாமல் இருப்பதற்கும் ஆன வழி.

முதலில் உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா?

கிராம சபை என்பது ஊர்ப் பெரியவர்கள் கூட்டமோ கட்சிக்காரர்கள் கூட்டமோ அல்ல. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். யாரும் உங்களைச் சேர்க்கவும் வேண்டாம், அழைக்கவும் வேண்டாம். ஆனால் பட்டியலில் பெயர் இல்லையென்றால், பிறந்து வளர்ந்த ஊரே ஆனாலும் நீங்கள் அங்கே வேடிக்கை பார்க்க வந்தவர்தான்.

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போய், ஓட்டை அங்கே மாற்றிக்கொண்டு, விடுமுறைக்கு வரும்போது ஊர்க் கூட்டத்தில் கேள்வி கேட்கும் இளைஞர்கள் எத்தனையோ பேர். “உனக்கு இங்க ஓட்டே இல்லையேப்பா” என்ற ஒரே வார்த்தையில் உட்கார வைத்துவிடுவார்கள். 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. அதனால் போன தேர்தலில் ஓட்டுப் போட்டேனே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். புதிதாகச் சேர்க்க படிவம் 6, முகவரி மாற்றத்துக்கும் பிழைத் திருத்தத்துக்கும் படிவம் 8. ஆன்லைனில் போடலாம், அல்லது உங்கள் பூத் அலுவலரிடம் கொடுக்கலாம். சந்தேகம் இருந்தால் 1950-க்கு போன் செய்யுங்கள். 18 வயது கணக்கிட முன்பு ஜனவரி 1 மட்டும்தான் தகுதி நாள். 2022-இலிருந்து ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகியவையும் உண்டு. 17 முடிந்த பிள்ளைகள் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கலாம். உள்ளாட்சித் தேர்தலுக்கான பட்டியலும் சட்டமன்றப் பட்டியலிலிருந்துதான் வார்டு வாரியாகப் பிரிக்கப்படுகிறது என்பதால், இங்கே பெயர் விட்டுப்போனால் அங்கேயும் விட்டுப்போகும்.

ஆறு நாட்களும் ஒரு தலைக்கணக்கும்

தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்பு நான்குதான். உலகத் தண்ணீர் தினமும் உள்ளாட்சி தினமும் 2022-இல் சேர்ந்தன. பண்டிகை குறுக்கே வந்தால் தேதி தள்ளும். 2024 நவம்பர் 1 தீபாவளியை ஒட்டி வந்ததால் அந்த முறை 23-ஆம் தேதிக்குப் போனது. தலைவர் இருந்தால் அவர் தலைமையில் நடக்கும். இல்லாத காலத்தில் அவருக்குப் பதிலாக அரசு நியமிக்கும் தனி அலுவலர் நடத்துவார். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியோடு தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். அதனால் “தலைவரே இல்லை, கூட்டம் எதுக்கு” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஏழு நாளைக்கு முன்பே அறிவிப்பு வர வேண்டும். தண்டோராவுக்கு 2022-இல் தடை வந்துவிட்டது. அதனால் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வார்கள், ஊராட்சி அலுவலகத்தில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். கோயில், சர்ச், மசூதி என்று எந்த மதத்தின் வளாகத்திலும் நடத்தக் கூடாது. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு குக்கிராமத்தில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும். இந்தச் சுழற்சியைக் கவனியுங்கள். வருடம் முழுக்க ஊர்ப் பக்கமே கூட்டம் போட்டுவிட்டு, காலனிக்காரர்கள் வருவதே இல்லை என்று குறைசொல்லும் ஊராட்சிகள் இருக்கின்றன. போன நான்கு கூட்டம் எங்கே எங்கே நடந்தது என்று கேட்டாலே பாதிக் கதை வெளியே வந்துவிடும்.

அப்புறம் குறைவெண் வரம்பு, பேச்சில் கோரம். அதாவது கூட்டத்துக்குக் குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். அந்தத் தலைக்கணக்கு இல்லாமல் போட்ட தீர்மானத்தை யாராவது கேள்வி கேட்டால் நிற்காது. எங்கள் ஊரில் 200 பேர் வேண்டும். வெயிலில் அறுபது பேர் உட்கார்ந்திருக்கும்போது நோட்டில் மட்டும் இருநூறு கையெழுத்து ஏறுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த வித்தை உங்கள் தீர்மானத்துக்கு நடந்தால், பிறகு அதை எதிர்ப்பவனுக்கு அதுவே ஆயுதம். எனவே ஆள் சேர்ப்பதும் உங்கள் வேலைதான்.

யாருடைய வேலை இது?

பெரும்பாலான கோரிக்கைகள் தோற்பது இந்த இடத்தில்தான். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 110-இல் ஊராட்சியின் கட்டாயக் கடமைகள் இருக்கின்றன. ஊராட்சிச் சாலைகள், தெருவிளக்கு, வடிகால், தெருக்கூட்டுதல், குப்பை அகற்றுதல், சுடுகாடு இடுகாடு, குடிநீர் இதெல்லாம் அதில் வரும். இவற்றில் தீர்மானம் போட்டால் ஊராட்சியையே நேரடியாகப் பொறுப்பாக்கலாம்.

பஸ், ரேஷன் கடை, பட்டா, டாஸ்மாக், மின்கம்பம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டாக்டர் இவையெல்லாம் ஊராட்சியின் கையில் இல்லை. அதற்காகக் கேட்கக் கூடாது என்றில்லை. தீர்மானத்தின் வாசகம் மாற வேண்டும், அவ்வளவுதான். “பஸ் விட வேண்டும்” என்று எழுதினால் யாருக்கும் அது கட்டளை இல்லை. “இந்த வழித்தடத்தில் காலை 8 மணிக்கு ஒரு நடை கூடுதலாக இயக்குமாறு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கிளை மேலாளரைக் கேட்டுக்கொள்கிறது, இதன் நகலை மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்ப வேண்டும்” என்றால் ஊராட்சி செயலர் அனுப்பியே ஆக வேண்டிய ஒரு வேலை பிறக்கிறது.

சாலை விஷயத்தில் ரொம்பக் கவனம். பார்க்க ஒரே தார் ரோடாக இருக்கும். பாதி ஊராட்சியுடையது, பாதி ஒன்றியத்துடையது, வளைவு தாண்டினால் நெடுஞ்சாலைத் துறை. யாருடையது என்று யூனியன் ஆபீசில் ஓவர்சியரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

இதைத் தவிர, கிராம சபைக்கே உரிய வேலை நான்கு உண்டு: ஊராட்சித் திட்டத்துக்கு ஒப்புதல், வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல், தணிக்கை அறிக்கைக்கு ஒப்புதல், திட்டங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஆய்வு. பணம் எங்கே போகிறது என்று கேட்பவனை “அரசியல் பண்றான்” என்பார்கள். அது அரசியல் இல்லை, கூட்டம் கூட்டியதே அதற்குத்தான். அடுத்த வருடத் திட்டத்தில் உங்கள் தெரு வேலை வர வேண்டுமென்றால் அக்டோபர் 2 கூட்டத்தை விடாதீர்கள். கிராம வளர்ச்சித் திட்டத்துக்கான பட்டியல் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் உருவாகிறது.

கூட்டத்துக்கு முந்தைய வாரம்

ஒரு கூட்டத்துக்கு ஒரு கோரிக்கை. அதிகம் போனால் இரண்டு. பத்துக் குறையையும் ஒரே மூச்சில் கொட்டினால் பத்தும் “இதர பொருள்கள்” என்ற தலைப்பில் புதைந்து போகும். என் கதை அதுதான்.

அடுத்த முறை நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு நோட்டு போட்டோம். தெருவில் 42 வீடு. பதினான்கு நாள், எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, எத்தனை குடம் பிடித்தார்கள் என்று எதிர்வீட்டுப் பாட்டியின் பேத்தி எழுதினாள். பத்தாம் வகுப்புப் பிள்ளை, கட்டம் போட்டு அழகாக எழுதியிருந்தது. பதினான்கு நாளில் இரண்டே நாள்தான் தண்ணீர். அதைவிட முக்கியமாக இன்னொன்றும் தெரிந்தது: மேட்டுப் பக்கம் இருக்கும் கடைசி ஒன்பது வீட்டுக்கு அந்த இரண்டு நாளும் சொட்டுக்கூட ஏறவில்லை. அதுவரை தண்ணீரைக் குறைவாகத் திறந்துவிடுகிறார்கள் என்று ஆபரேட்டரைத் திட்டிக்கொண்டிருந்தோம். உண்மையில் கோளாறு கேட் வால்விலும் பைப்பின் மட்டத்திலும் இருந்தது. அந்த ஆளிடமே போய்க் கேட்டபோது, “ரெண்டு வருஷமா நானும் சொல்லிட்டுதான் இருக்கேன் சார், யாரு கேக்குறா” என்றார். கூட்டத்தில் எங்களுக்காக முதலில் எழுந்து பேசியதும் அவர்தான்.

கோரிக்கையை வீட்டிலேயே தீர்மான வடிவில் எழுதிவிடுங்கள். கூட்டச் சத்தத்தில் செயலர் உங்களுக்காக வாசகம் யோசிக்க மாட்டார், முன்னால் இருப்பதைத்தான் பார்த்து எழுதுவார். நாங்கள் எழுதிக் கொடுத்தது ஏறக்குறைய இப்படி:

“5-ஆவது வார்டு மேட்டுத் தெருவில் கடைசி 9 வீடுகளுக்குக் குடிநீர் ஏறாததால், (1) தெரு முனையில் உள்ள பழுதான கேட் வால்வை 30 நாட்களுக்குள் மாற்றவும், (2) தெருவின் மேற்குக் கோடியில் சிண்டெக்ஸ் தொட்டியுடன் ஒரு மினி பவர் பம்ப் அமைக்க மதிப்பீடு தயாரித்து அடுத்த கிராம சபைக்கு முன் வைக்கவும், (3) நடவடிக்கை விவரத்தை அடுத்த கிராம சபையில் படிக்கவும் இச்சபை ஏகமனதாகத் தீர்மானிக்கிறது.”

இடம், எண்ணிக்கை, செய்ய வேண்டிய வேலை, கெடு, கணக்கு ஒப்பிக்க வேண்டிய நாள். “ஆவன செய்ய வேண்டும்” என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். அந்தச் சொல்லுக்குள் எத்தனை கோரிக்கை செத்துப்போயிருக்கிறது!

இதை மனுவாக, தெருக்காரர்கள் கையெழுத்தோடு, கூட்டத்துக்கு முன்பே ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து விவாதப் பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். முடிந்தால் தலைவரையோ தனி அலுவலரையோ முன்பே ஒருமுறை பார்த்துப் பேசிவிடுவது நல்லது. கூட்டத்தில் திடீரென்று கேட்டால் அவருக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிடும், முன்பே சொன்னால் பாதிப் பேர் “சரி, கொண்டாங்க” என்றுதான் சொல்வார்கள்.

கூட்ட நாள்

பதினோரு மணிக் கூட்டம் என்றால் பத்தரைக்கே போய்விடுங்கள். முன்வரிசையில் கரை வேட்டிகள் நிறைவதற்கு முன் உங்கள் தெருப் பெண்களை அங்கே உட்கார வையுங்கள். தண்ணீருக்குக் குடத்தோடு நிற்பது அவர்கள்தான். பின்னால் வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டு முணுமுணுத்தால் புத்தகத்தில் ஏறாது.

வந்தவுடன் கையெழுத்துக்கு நோட்டு வரும். வருகைப் பதிவு என்று மேலே தேதியோடு எழுதியிருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். வெறும் பக்கத்தில் கையெழுத்து வாங்கி, மேலே பிறகு தீர்மானம் எழுதிக்கொள்ளும் பழக்கம் பல இடங்களில் உண்டு. “மேல என்னண்ணே எழுதப் போறீங்க?” என்று சிரித்துக்கொண்டே கேட்கலாம், சண்டை வேண்டாம்.

ஊராட்சியின் வரவு செலவு விவரத்தைப் படிவம் 30 என்று சொல்வார்கள். அதை பேனராக வைக்க வேண்டும். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தெருவிளக்குப் பராமரிப்பு என்று ஒரு தொகை இருக்கும். உங்கள் தெருவில் எத்தனை பல்பு எரிகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பற்றாளர் வருவார். வேறு அலுவலகத்திலிருந்து அனுப்பப்படும் அரசு ஊழியர். பெரும்பாலும் டீ குடித்துவிட்டு அமைதியாக உட்கார்ந்திருப்பார், ஆனால் கூட்டம் எப்படி நடந்தது என்று அறிக்கை கொடுக்க வேண்டியவர் அவர். தகராறு வந்தால் தலைவரிடம் கத்தாமல், அவரைப் பார்த்துப் பேசுங்கள்.

முதலில், போன கூட்டத் தீர்மானங்கள் என்ன ஆயின என்று கேளுங்கள். அடுத்து உங்கள் விஷயம், இரண்டே நிமிடம். கணக்கைச் சொல்லுங்கள், நோட்டைக் காட்டுங்கள், எழுதி வந்ததைப் படியுங்கள். உடனே, “ஐயா, இதைத் தீர்மானமா எழுதுங்க. எழுதினதை ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க, நம்பர் என்னன்னு சொல்லுங்க.” இந்த மூன்று வாக்கியமும்தான் முழு வழிகாட்டியின் சாரம். “அதெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம்” என்பார்கள். உட்காராதீர்கள். நாங்கள் அன்றைக்கு நிற்க, பின்னால் பதினைந்து பெண்கள் எழுந்து நின்றார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. செயலர் பேனாவை எடுத்தார். உங்களுக்கு உடன்பாடில்லாத தீர்மானம் ஏதாவது திணிக்கப்பட்டால், ஆட்சேபம் தெரிவித்தவர்கள் பெயரையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். கலையும் முன் அந்தப் பக்கத்தை செல்போனில் படம் எடுங்கள்.

கூட்டம் கலைந்த பிறகு

நகல் கேளுங்கள். கொடுக்கவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம் பிரிவு 6(1)-இல், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு. தவறான அலுவலகம் என்றாலும் ஐந்து நாளில் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். மனுவில் “ஏன் செய்யவில்லை” என்று கேட்காதீர்கள். “இன்ன தேதி கிராம சபையின் தீர்மானப் பதிவேடு, வருகைப் பதிவு, தீர்மானத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் கோப்பு ஆகியவற்றின் நகல்” என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

நகல் கையில் வந்ததும் அதை இணைத்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (பி.டி.ஓ.) ஒரு கடிதம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு. ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர் என்பதால் அவருக்கு இதில் அதிகாரம் உண்டு. 1100-க்கு போன் செய்தும் பதியலாம். வெறும் புகாருக்கும் தீர்மான எண் போட்ட புகாருக்கும் அங்கே கிடைக்கும் மரியாதை வேறு. “விசாரித்து நடவடிக்கை எடுக்கப்படும்” என்று முடித்துவைக்கப்பட்டால், அந்தப் பதிலையும் கோப்பில் வைத்து அடுத்த கிராம சபைக்குக் கொண்டுபோங்கள்.

எவ்வளவு தூரம் இது செல்லும்?

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மதுரை மேலூர் பக்கம் அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்த அதே மாதம், 2024 நவம்பர் 23 கிராம சபையில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23-இல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நடுவில் மக்கள் மதுரைக்கு நடந்தே போனார்கள், கடையடைத்தார்கள். தீர்மானம் மட்டும் தனியாக அதைச் செய்யவில்லை. பரந்தூர் விமான நிலையத் திட்டத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் 2022-இலிருந்து கூட்டம் தவறாமல் தீர்மானம் போட்டார்கள். 2025 முடியும்வரை திட்டம் கைவிடப்படவில்லை. ஒடிசாவின் நியம்கிரியில் 2013-இல் 12 கிராம சபைகள் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தபோது சுரங்கமே நின்றது. அங்கே வன உரிமைச் சட்டமும், சபைகளைக் கேட்டு முடிவெடுங்கள் என்ற உச்ச நீதிமன்ற உத்தரவும் பின்னால் இருந்தன. பெரிய திட்டங்களில் தீர்மானம் ஒரு சாட்சி. வால்வு, விளக்கு, வடிகால் விஷயத்தில்தான் அது கிட்டத்தட்ட சாவி.

நகராட்சி, மாநகராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இல்லை. வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. 2022 நவம்பர் 1 அன்று பகுதி சபைகள் கூடத் தொடங்கின. எழுதிக்கொண்டு போவது, நகல் வாங்குவது எல்லாம் அங்கேயும் இதே கதைதான். ஆனால் அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலரைத் துரத்துவதே தனி வேலை.

எங்கள் வால்வு முப்பது நாளில் மாறவில்லை, ஐம்பத்தைந்து நாள் ஆனது. மினி பவர் பம்ப்புக்கு மதிப்பீடு போடவே இரண்டு கிராம சபை தாண்டியது, வேலை இன்னும் பாக்கி. கடைசி ஒன்பது வீட்டில் ஆறு வீட்டுக்கு இப்போது தண்ணீர் ஏறுகிறது. போன கூட்டத்தில் நான் பந்தலுக்குள் நுழைந்ததுமே செயலர் நோட்டைத் திருப்பிக்கொண்டே கேட்டார், “சார், பேப்பர் கொண்டாந்திருக்கீங்களா?”